முதலைகள் சங்கத்தின் வலைப்பூ

ஏரி முதலைகள் சங்கம் பொதுமக்களுக்காக ஒரு வலைப்பூ தொடங்கியது. சற்றுமுன் வந்த பதிவை, கரையில் நின்றபடி புள்ளிமான் ஆமைக்கு வாசித்துக் காட்டியது.

“‘சங்க உறுப்பினர்கள் அனைவரும் அக்கரையில் ஓய்வெடுக்கிறோம். அன்பர்கள் அச்சமின்றித் தண்ணீர் குடிக்க வரலாம்.’ படமும் போட்டிருக்காங்க, பாருங்க ஆமையண்ணே. எவ்வளவு வெளிப்படையா இருக்காங்க!”

ஆமை கழுத்தை நீட்டி எண்ணியது. “நாலு பேர்தானே படுத்திருக்காங்க? சங்கத்துல அஞ்சு பேராச்சே.”

“அஞ்சாவது ஆள் படம் எடுத்திருப்பார். உங்களுக்கு எதுலயும் சந்தேகம்தான்!”

“சரிம்மா, எங்கே நின்னு எடுத்தாராம்?” என்று கேட்டுவிட்டு, ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

மான் மறுபடி படத்தைப் பார்த்தது. அதன் கீழ் ஓரத்தில், இந்தக் கரையில், தன் முதுகே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.