ஆடாமல் நிற்கும் சோதனை

“கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, ஆடாம நில்லுங்க.”

என் மனைவியிடம்தான் சொன்னேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவளிடமும் ‘நில்லுங்க’ என்றே வந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் ஒரு வாரத்துக்கு இதை வைத்தே என்னை ஓட்டியிருப்பாள்.

அவள் சிரிக்கவில்லை. சொன்னபடி தகட்டின் மேல் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

தகடு என்றால், தரையோடு தரையாகப் பதித்த இரும்புப் பலகை; அடுத்தடுத்து இரண்டு உண்டு. மேலே நிற்கிற ஆள் எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்துகிறார் என்பதைக் கணினியில் கோடாகப் போட்டுக் காட்டும். முட்டி மாற்றியவர்கள், ஓட்டக்காரர்கள், பக்கவாதத்திலிருந்து எழுந்தவர்கள் எல்லோரும் எங்களிடம் வந்து நடந்து காட்டுவார்கள், குதித்துக் காட்டுவார்கள். வலியே இல்லை சார் என்று வாய் சத்தியம் பண்ணும். கால் பாட்டுக்குத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மனைவிக்கு மாடிப்படியில் தலைசுற்றல். காது டாக்டர் பார்த்துவிட்டு, காதில் கோளாறு இல்லை, நிற்கும் நிலையைச் சோதித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். ஊரில் அதைச் சோதிக்கிற இடம் ஒன்றுதான். அங்கே வேலை பார்க்கிற புண்ணியவான் நான்.

வாசல் நாற்காலியில் அவளுடைய பெட்டி இருந்தது. சோதனை முடிந்ததும் அவள் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. எப்போது திரும்பி வருவாய் என்று நான் கேட்கவில்லை. வருவேன் என்று அவளும் சொல்லவில்லை.

காலையில் பெட்டியை மூடும்போது கேட்டாள்: “குழந்தை போனதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, அப்படித்தானே?”

யோசித்துப் பார்த்தேன். “தெரியல. எதுவும் வரமாட்டேங்குது” என்றேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

சில நாள் காய்ச்சலில் போய்விட்டான். அப்போதுதான் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. நான் அழவில்லை. ஆக வேண்டியதைச் செய்தேன், வேலைக்கு வந்தேன், பசித்தது, சாப்பிட்டேன். கல்நெஞ்சன் என்று அவள் வீட்டில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. கோபம்கூட வரவில்லை. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி இருந்தேன். கிள்ளிப் பார்த்தாலும் வேறு யாரையோ கிள்ளுவது போலத்தான் இருந்தது.

“ஆரம்பிக்கலாமா?” என்று கணினி முன்னால் இருந்த பெரியம்மா கேட்டாள். இங்கே வேலை பார்க்கிறவர்களில் வயதில் சிறியவள் அவள்தான். எல்லோரையும் அதட்டுவதால் அந்தப் பெயர்.

தலைசுற்றுகிறவர்கள் கண்ணை மூடி நிற்கும்போது யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். தொடக்கூடாது, தொட்டால் அளவு தப்பிவிடும். சரிந்தால் பிடிக்கிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் போய் நின்றேன்.

இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து நாளாகிவிட்டது. காதோரம் புதிதாக நரைத்திருந்தது. நரைத்திருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு திரையைப் பார்த்தேன்.

ஆடாமல் நிற்கிற மனிதர் யாரும் கிடையாது. நிற்பதே விழாமல் சமாளிப்பதுதான். அதனால் யாருக்கும் கோடு கோழி கிளறியது போலத்தான் வரும்.

அவளுடையது அப்படி வரவில்லை. இடம், வலம், இடம், வலம். ஒரே சீராக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எந்த நோயும் இப்படிக் கோடு போடாது. பெரியம்மா புரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்றபடியே ஆட்டினால்தான் தூங்குவான். கொஞ்சம் உட்கார்ந்தால் போதும், கண்டுபிடித்து ஊரைக் கூட்டிவிடுவான்.

அவளுக்கே தெரியவில்லை. கைகள் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. உடம்பு மட்டும் அவனைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தது.

இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இவள் அக்கா வீட்டுக்குப் போவதுதான் இவளுக்கு நல்லது என்று தோன்றியது.

“முடிஞ்சுது, கண்ணைத் திறக்கலாம்” என்றாள் பெரியம்மா. பிறகு என்னிடம், “சார், நீங்க பக்கத்துத் தகட்டுல நின்னுட்டீங்க. அதுவும் பதிவாயிருக்கு.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற தப்பு அது. அதற்காக அவர்களை விரட்டுகிறவனே நான்தான்.

“அழிச்சிடும்மா” என்று சொல்லிக்கொண்டே கணினிப் பக்கம் போனேன்.

அவள் அழிக்கவில்லை. சொல்வதற்குள் செய்து முடிக்கிறவள், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் இரண்டு கோடுகள் இருந்தன, ஒன்றின் கீழ் ஒன்று. இடம், வலம், இடம், வலம்.

மனைவி வந்து எங்கள் பின்னால் நின்றாள். “இதுல நான் எது?”

“மேல இருக்கிறது நீங்க” என்றாள் பெரியம்மா.

கீழே இருப்பது யார் என்று அவள் கேட்கவில்லை. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என் கால்களைப் பார்த்தாள்.

நானும் குனிந்து பார்த்தேன். தகட்டை விட்டு எப்போதோ வந்தாகிவிட்டது. இன்னும் ஆடிக்கொண்டிருந்தேன்.

அவள் மெல்ல என் தோளில் கை வைத்தாள்.

“போதும்ங்க” என்றாள். “தூங்கிட்டான்.”