மண்டிபோடும் பலகை

தியாகதுருகம் பக்கத்து இரட்டைக் கோபுர மாதா கோவிலில், வடக்கு வளைவின் கீழே, சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டியில் யாரும் மண்டியிட்டுப் பத்து வருடமாகியிருந்தது. ஆனால் அதன் மண்டிபோடும் பலகை மட்டும் இரண்டு முழங்கால் அளவுக்குக் குழிந்துகொண்டே வந்தது. அறுபத்தெட்டாம் வருடம் ஆசாரி கண்ணாயிரம் மூன்றாவது தேக்குப் பலகையை அடித்துவிட்டுப் பங்குச் சாமியாரிடம் சொன்னார்.

“மரத்துல குத்தமில்ல சாமி. ஆரோ வந்துகினுதான் இருக்காங்க. கேக்கத்தான் ஆளில்ல.”

அந்தச் சனிக்கிழமை மாலை சாமியார் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் நேரே தன் அறைக்குப் போனார். அதன்பிறகு பலகை தேயவில்லை.

ஆறு மாதம் கழித்து சாமியார் ஆசாரியைத் தன் அறைக்கு அழைத்தார். கட்டிலைப் பார்த்தபடி, சிமெண்டுத் தரையில் இரண்டு முழங்கால் குழிகள்.

“மண்டிபோடுறவங்களுக்குத் தரை சில்லுனு இருக்குது ஆசாரி. இங்க ஒரு பலகை போட்டுக் குடுங்க. மன்னிப்புதான் என்னால குடுக்க முடியல.”