சந்திரிகாவின் கார் சாவி

"நீ ஓட்ட ஆரம்பிச்சதுலேருந்துதான் இந்தக் கேடு! ஆட்டோமேட்டிக் கியரையே கெடுத்து வச்சிருக்கியே, இனி உன் கையில சாவி கிடையாது!"

ஜவஹர் கத்தியது, காரைக் கட்டி இழுத்து வந்திருந்த தேனாம்பேட்டை ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது.

"எங்கம்மாவை வாராவாரம் அடையாறு ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறது? கடையை விட்டுட்டு நீங்க வருவீங்களா?" என்றாள் அவர் மனைவி சந்திரிகா.

"ஆட்டோவுல போ!"

மெக்கானிக் முருகையன் சிரித்தான். "லேடீஸ் ஓட்னா இப்டித்தான் சார். பார்க்கிங்லேர்ந்து டிரைவுக்கு லிவர் வரவே மாட்டேங்குது. கியர் பாக்ஸே பூட்ச்சு போல கீது."

"சிரிக்காதீங்க. முதல்ல கழட்டிப் பாருங்க," என்றாள் சந்திரிகா.

லிவரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றியதும் அவன் சிரிப்பு நின்றது.

"இன்னா சார் இது? உள்ளாற மஞ்சளா காஞ்சி, கல்லு மாதிரி கீது! அதான் லிவர் நகரல. கியர் பாக்ஸ் நல்லாத்தான் கீது. மோந்து பாருங்க சார், சந்தனம்!"

ஜவஹர் கையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் கைராசி சரியில்லைன்னு, வெள்ளிக்கிழமை தவறாம பன்னீர்ல சந்தனத்தைக் குழைச்சு கியர் மேல அப்புனது யாரு? நானா?" சந்திரிகா கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

"சாமி காரியத்தைக் குத்தம் சொல்லாத!" என்ற ஜவஹர், சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் நீட்டிய கை இன்னும் அப்படியே இருக்கிறது. படிக்கிற நீங்களே சொல்லுங்கள், அந்தச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? மறக்காமல் பதில் எழுதுங்கள்.