வீரனுக்கு வந்த லோரி

“மதுரை வீரன் சிலையைக் கோல சிலாங்கூர் கடல்ல கொண்டுபோய் விட்டுடலாம். நாளைக்குக் காலைல லோரி வருது.”

நிர்வாகக் கூட்டத்துல கோயில் தலைவர் ஜனார்த்தனன் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க தோட்டத்து ஜனம் மூணு தலைமுறையா கும்பிடுற சாமி ஐயா அது!

பூசாரி அப்பளசாமிக்கு முகமே வெளிறிப் போச்சு. முப்பது வருஷமா வீரனுக்கு விளக்கு ஏத்துறவர்.

“என்ன தலைவரே, குப்பையைக் கொட்டுற மாதிரி சொல்றீங்க?”

“கும்பாபிஷேகம் வருதுலா. பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. சாராயம், சுருட்டு, ஆட்டு ரத்தம்... நம்மள என்ன நினைப்பாங்க? எப்பவோ வாள் தூக்கிச் சண்டை போட்டுச் செத்த ஆளு, அதெல்லாம் ஒரு சாமியா?”

“ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே...” பூசாரி கெஞ்சினார்.

“சம்மதம்கிறவங்க கை தூக்குங்க!”

பூசாரி தவிர எல்லாரும் தூக்கினாங்க. வெட்கக்கேடு, நானும்தான். தலைவரைப் பகைச்சுக்க எனக்கு ஏது தைரியம்?

தேத்தண்ணி வந்தது. செயலாளர் வசந்தினி பேச்சை மாத்தினாங்க.

“ஜப்பான் ட்ரிப் எப்படி இருந்துச்சு தலைவரே?”

மனுஷனுக்கு முகமெல்லாம் பல்லு. கைப்பேசியில ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஏதோ ஷின்தோ கோயிலாம். தலைவர் கை கழுவி, வாய் கொப்பளிச்சு, ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கைதட்டிக் கும்பிடுறார். அடேயப்பா, என்ன பயபக்தி!

“இது என்ன சாமி?”

“அந்தக் காலத்து மாவீரன்மா. வாளை உருவினா ஊரே நடுங்குமாம். செத்தப்புறம் சாமியாக்கிக் கும்பிடுறாங்க. என்ன பண்பாடு பாருங்க, நினைச்சாலே புல்லரிக்குது!”

“கோயில் முன்னால அடுக்கியிருக்கிற அந்தப் பீப்பாயெல்லாம்?”

“சாக்கே. அரிசியில செய்யற மது. சாமிக்குப் படைக்கிறது. பிரசாதமா எனக்கும் ஒரு வாய் குடுத்தாங்க!”

சொல்லி முடிச்சதும்தான் அவருக்கே உறைச்சிருக்கணும். சட்டுன்னு கைப்பேசியைக் கவிழ்க்கப் போனார்.

அப்பளசாமி எழுந்து வந்தார். அந்த வீடியோவைப் பார்த்துக் கைகூப்பினார். கண்ணு ரெண்டும் கலங்கியிருந்தது.

“தலைவரே, நம்ம வீரனைக் கடல்ல விடாதீங்க. ஜப்பானுக்கே அனுப்பிடுங்க. அங்க இருந்தா நீங்களும் கும்பிடுவீங்க.”