நாற்பது நொடி

பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் தட்டச்சுச் சத்தம் ஓய்வதே இல்லை. யாருடைய விரலாவது நாற்பது நொடி சும்மா இருந்தால் கணினி அணைந்துவிடும். அந்த இடம் வெளியே வரிசையில் நிற்பவருக்குப் போய்விடும். அதுதான் விதி. அதனால் யோசிக்கும்போதுகூட எல்லோரும் எதையாவது தட்டிக்கொண்டிருந்தார்கள்: விடுதிச் சாப்பாட்டுப் பட்டியல், சினிமாப் பாட்டு, சொந்தப் பெயர்.

இசக்கிராணிக்கு மட்டும் அந்தப் பழக்கம் கைவரவில்லை. கை ஓடினால் அவளுக்கு மூளை நின்றுவிடும். ஏற்கெனவே மூன்று முறை இடம் பறிபோயிருந்தது. நான்காவது முறையும் போனால் இந்த செமஸ்டர் தேர்வையே எழுத முடியாது.

அவள் மேசையில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக மினுங்கத் தொடங்கியதும் ஆய்வகப் பொறுப்பாளர் ரெஜினா ஓடி வந்தார். இசக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதையாச்சும் தட்டேன்மா. இடம் போயிரப் போவுது."

"தட்டுனா விட்டுப்போயிரும் மேடம். இப்பத்தான் பிடிபடுது."

விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டியவரே ரெஜினாதான். ஒரு கணம் தயங்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பேஸ் பாரைத் தன் விரலால் தட்டத் தொடங்கினார். விளக்கு பச்சையானது.

"நீ யோசி."

இருபது நிமிடம் கழித்து இசக்கி கணினிப் பக்கம் திரும்பினாள். ஒன்பது வரிதான் எழுதினாள். நிரல் முதல் முறையிலேயே ஓடியது.

ரெஜினா எழுந்தார். பக்கத்து இருக்கை மும்தாஜ், ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்தாள்.

"மேடம், எனக்கும் ஒரு பத்து நிமிஷம் யோசிக்கணும்."