அஞ்சு நாற்காலி

ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, அஞ்சு பேர். ஆளுக்கொரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு, கையில காபியோட வந்து, கேம்ப்ல வண்டி வீடு நிறுத்துற பதினேழாம் நம்பர் இடத்தைச் சுத்தி உக்காந்துட்டாங்க.

அதுவும் பனியில. காலையில பத்து மணிக்கு.

பிக்கப் வண்டியில இருந்தபடியே லோர்னா பக்கக் கண்ணாடியில பாத்தா. வண்டிக்குப் பின்னாடி முப்பதடி நீளத்துக்கு, சக்கரம் வச்ச வீடு மாட்டியிருக்கு. அதை ரிவர்ஸ்லயே கொண்டுபோய் அந்த இடத்துல நிறுத்தணும்.

"வேடிக்கை பாக்க வந்துட்டாங்கடி," ன்னு ஃபோன்ல மககிட்ட சொன்னா.

"யாரையாவது பின்னாடி நின்னு கை காட்டச் சொல்லேம்மா," ன்னா ரோண்டா.

"வேண்டாம். யாரும் உதவிக்கு வரக்கூடாதுன்னு கேட்லயே சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

"நம்ம பேச்சு ஞாபகம் இருக்கில்ல? எதையாவது இடிச்சே..."

"வண்டியை வித்துட்டு ரெஜைனாவுக்கு வந்து உன் பேஸ்மென்ட்ல கிடக்கணும். ஞாபகம் இருக்கு. வை."

மூஸ் ஜா ஊர்ல இருந்த வீட்டை வித்து நாலு வருஷம் ஆச்சு. அப்ப இருந்து குடித்தனம் இந்த வண்டி வீட்டுலதான். வெயில் காலத்துல ஏதாவது ஏரிக்கரை, குளிர்காலத்துல இந்த ஒசோயூஸ் கேம்ப். புருஷன் எமில் ஓட்டுவாரு, லோர்னா பின்னாடி நின்னு கை காட்டுவா. "இடதுன்னா எந்த இடது? உன் இடதா, என் இடதா?" ன்னு அவர் கத்துறது கேம்ப் முழுக்கக் கேக்கும்.

ஏப்ரல்ல எமில் போயிட்டாரு. கோடை முழுக்க, நேரா நுழைஞ்சு நேரா வெளிய வர்ற இடமாப் பாத்துப் பாத்துச் சமாளிச்சாச்சு. குளிர்காலத்துக்குக் கிடைச்சது இந்த ஒண்ணுதான்.

ரிவர்ஸ் கியரைப் போட்டா.

ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினா, வீடு வலது பக்கம் போச்சு. சொன்னதுக்கு நேர் எதிரா. எமில் மாதிரியே.

ரெண்டாவது தடவை, வண்டியும் வீடும் முழங்கை மாதிரி மடங்கி நின்னுச்சு.

நாலாவது தடவை, அந்த அஞ்சு பேரும் ஒரு டோனட் டப்பாவைக் கைமாத்திக்கிட்டு இருந்தாங்க.

அதுல ஒரு பெரிய ஆளு, ஆரஞ்சு கலர் வேட்டைக் கோட்டு போட்டவரு. வீட்டோட வால் திரும்ப வேண்டிய மூலையிலேயே சரியா நாற்காலியைப் போட்டிருந்தாரு. லோர்னா ஜன்னல் கண்ணாடியை இறக்கினா.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காரக் கூடாதா?"

"இங்கதாம்மா நல்லாத் தெரியுது."

"மேல ஏத்திடப் போறேன்."

"ஏத்தினா கத்துறேன். நீ பாட்டுக்கு ஓட்டும்மா."

"டெல்பர்ட்டை நகத்தணும்னா கிரேன்தான் கொண்டு வரணும்," ன்னு எதிர்ப்பக்கத்துல இருந்து ஒருத்தர் சொன்னாரு. அவருக்குப் பக்கத்துல சிவப்புத் தொப்பி போட்ட அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க.

ஏழாவது தடவை, டெல்பர்ட்டுக்கு ரெண்டடி முன்னாடி பிரேக் போட்டா. மனுஷன் காலைக்கூட இழுத்துக்கல. காபிக் கப்பை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கிட்டாரு.

லோர்னாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வண்டியை வாங்குறதுக்கு ரோண்டா ஒரு ஆளைக்கூடப் பாத்து வச்சிருக்கா. பேசாம ஃபோனை எடுத்து, சரின்னு சொல்லிடலாம்.

மறுபடி கண்ணாடியைப் பாத்தா. தரை வெள்ளை, புதர் வெள்ளை, எது என்னன்னே தெரியல. ஆரஞ்சுக் கோட்டும் சிவப்புத் தொப்பியும் மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

சரி. இந்தக் கிழவரை விட்டு மூணடி. அந்தத் தொப்பியை விட்டு மூணடி. இதுங்களை ஏத்திட்டு ஜெயிலுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

பதினோராவது தடவை, வீடு போய் கச்சிதமா உக்காந்துச்சு.

அஞ்சு பேரும் கை தட்டினாங்க. லோர்னா கதவை அறைஞ்சு சாத்திட்டு இறங்கி வந்தா.

"எப்படி இருந்துச்சு படம்?"

"கொஞ்சம் நீளம்," ன்னாரு டெல்பர்ட்.

"ஒரு பொம்பளை தனியாத் திண்டாடிக்கிட்டு இருக்கா. டோனட் தின்னுக்கிட்டே பாக்குறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

டெல்பர்ட் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து, நாற்காலியை மடக்கினாரு.

அவருக்குப் பின்னாடி, முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்ணிக் குழாய். வெள்ளைப் பெயின்ட். தலையில பனி. இடுப்புல ஏற்கெனவே மூணு நசுங்கல்.

சிவப்புத் தொப்பியம்மா எழுந்தாங்க. பின்னாடி குட்டையா ஒரு கரன்ட் கம்பம், அதுவும் வெள்ளை. கிரேன் கேட்டவர் எழுந்தாரு. அங்க பனி மூடின மரக்கட்டை. மீதி ரெண்டு பேரும் எழுந்த இடத்துல, பள்ளத்தோட விளிம்பு.

"இந்த வருஷம் மட்டும் மூணு வண்டி இந்தக் குழாயை இடிச்சிருக்கு," ன்னாரு டெல்பர்ட். "பனியில யாருக்கும் தெரியறதில்ல. என்னைத் தெரியாம இருக்காதே."

லோர்னா குனிஞ்சு குழாயோட நசுங்கலைத் தடவிப் பாத்தா.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"கேட்ல உனக்குப் பின்னாடி நின்னது நான்தாம்மா. யாரும் உதவிக்கு வரக்கூடாதுன்னு சொன்னே. அதான், காபி குடிக்க வந்தோம்."

ஃபோன் அடிச்சுது. ரோண்டா.

"என்னம்மா, இடிச்சுட்டியா?"

"இல்லடி. அழகா நிறுத்தியாச்சு."

"அவ்வளவு பேர் இருந்தும் யாரும் உதவி பண்ணலையா?"

டெல்பர்ட் கோட்டுல ஒட்டின பனியைத் தட்டிக்கிட்டு, குளிர்ல மரத்துப்போன காலை மெதுவா உதறிக்கிட்டு இருந்தாரு. லோர்னா அவரையே பாத்துக்கிட்டு சொன்னா:

"ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லடி."