சத்தம் நிறுத்திய படம்

தொலைக்காட்சியில் ஒரு போர்க்கப்பல் சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது. படகு எஞ்சின் ஓசை காதில் விழ வேண்டும் என்று படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி பொனிப்பாஸ்தான் சத்தத்தை அடியோடு நிறுத்தியிருக்கிறார். கொழும்புத்துறைக் கரையில் சோளகக் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுப்புகிறது. மத்தியானமே திரும்பியிருக்க வேண்டிய படகு இன்னும் வரவில்லை, வெயில் மங்கிவிட்டது. அவர் சொல்லாமல் அந்தப் படகு கடலில் இறங்காது. விடிய வானத்தைப் பார்த்து, "ஒண்டுமில்லை, போ" என்று மகன் றெக்ஸனை அனுப்பியதும் அவர்தான். திரையில் கப்டன் வாயசைக்கிறான், மாலுமிகள் ஓடுகிறார்கள். பொனிப்பாஸ் ஒரு காலில் செருப்பை மாட்டுகிறார், கழற்றுகிறார், மறுபடி மாட்டுகிறார். தூரத்தில் ஓர் எஞ்சின் இருமுகிறது. பாதி எழும்பியவர் திரும்ப இருக்கிறார். அது றெக்ஸனுடைய எஞ்சின் இல்லை. கொடியில் கிடந்த உடுப்புகளை வாரிக்கொண்டு உள்ளே வந்த மருமகள் ஷரோன், அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி நிற்கிறாள். "உந்தக் கப்டன் என்ன செய்யிறார், மாமா?" பொனிப்பாஸின் கண் வாசலை விட்டு அசையவில்லை. "பெடியளைப் போகச் சொன்னவன்," என்கிறார். "இப்ப நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறான்."